நேர்கோடும் இறங்குகோடும்

1

அத்தா இறந்து ஒரு வருடம் ஆன அன்று காலையில் கோயமுத்தூருக்குப் போன் செய்தேன். ஜெனீவாவை ஒட்டி, பிரான்ஸ் பக்கம் உள்ள ஒரு எல்லையோரக் கிராமத்தில் இருக்கிறேன். எனக்குக் காலை ஒன்பது மணி என்றால் அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். வருஷ பாத்திஹாவுக்கு வீடு நிறைய ஆள் இருக்கும், நெய்ச்சோறு பரிமாறிக்கொண்டிருப்பார்கள், போனை யாராவது கை மாற்றிக் கை மாற்றித் தருவார்கள் என்று நினைத்திருந்தேன். திரையில் அம்மா மட்டும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பின்னால் சத்தமே இல்லை.

"எங்கம்மா, யாரையும் காணோம்?"

"யாரு வரணும் கண்ணு? பாத்திஹா ஓதி பதினோரு நாளாச்சே."

அம்மா பிறைக் கணக்கில் எண்ணுகிறவர். பிறை வருடம் நம் காலண்டர் வருடத்தைவிடப் பதினோரு நாள் சிறியது. நோன்பும் பெருநாளும் வருடா வருடம் முன்னால் நகர்ந்து வருவதைக் கோட்டைமேட்டுச் சந்தில் பார்த்து வளர்ந்த எனக்கு இது தெரியாதது இல்லை. ஒரு நொடியை நூறு கோடி பங்காக வெட்டி, அதில் சில பங்கு தவறினாலும் கணினி கத்துகிற இடத்தில் வேலை பார்க்கிறேன். அத்தாவின் நாளைப் பதினோரு நாள் தவறவிட்டிருக்கிறேன். அதைவிட உறுத்தியது வேறொன்று. நினைவுபடுத்த ஒரு வரி செய்திகூட யாரும் அனுப்பவில்லை.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோதுதான் அம்மாவின் கையைப் பார்த்தேன். புறங்கையில் பஞ்சு வைத்து வெள்ளை பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"கையில என்னம்மா?"

"கொசு கடிச்சுது, சொறிஞ்சுபோட்டேன்."

கொசுக்கடிக்கு யாரும் அப்படி ஒட்ட மாட்டார்கள். வீட்டுக்குள் தனியாக இருக்கும்போது தலையில் துணி நிற்காத அம்மா, அன்று முக்காட்டைக் கழுத்தோடு இழுத்துச் சுற்றியிருந்தார். அதையும் கேட்பதற்குள் தங்கை ரஹமத்து போனை வாங்கிக்கொண்டாள். "நெட்டு சரியில்லீங்கண்ணா, அப்பறமா பேசறோங்க" என்றாள். படம் துல்லியமாகத் தெரிந்துகொண்டிருந்தது.

ஒரு வருடமாக என் வீட்டில் எனக்கு எதையும் சொல்வதில்லை. எப்போது கேட்டாலும் எல்லாரும் நல்லா இருக்கோங்க என்ற ஒரே பதில்தான். ஏன் என்று எனக்குத் தெரியும். அதை ஊரில் இருப்பவர்களிடம் ஒரு முறையாவது எழுத்தில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தக் குறிப்புகள்.

2

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதற்கு அது தேவை.

தரைக்கு அடியில் ஒரு பெரிய வட்டச் சுரங்கம் இருக்கிறது. அதில் புரோட்டான்களை எதிரெதிர்த் திசைகளில் ஓட்டி மோத விடுகிறோம். ஆண்டு முடிவில் சில வாரங்கள் மட்டும் புரோட்டானுக்குப் பதிலாக ஈயத்தின் அணுக்கருக்களை ஓட்டுவார்கள். அந்தச் சில வாரங்கள்தான் என் குழுவுக்கு அறுவடை. மோதலை யாரும் பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. சிதறி வெளியே வருகிற துகள்கள் எந்தப் பக்கம் போயின, எவ்வளவு வேகத்தில் போயின என்று பதிந்துகொண்டு, உள்ளே என்ன நடந்திருக்கும் என்று பின்னோக்கி ஊகிக்கிறோம்.

புரோட்டானுக்குள் குவார்க்குகள் இருக்கின்றன. அவற்றைக் கட்டி வைத்திருப்பதை வலிமையான விசை என்கிறோம். மற்ற விசைகள் தூரம் கூடக்கூடத் தளரும், இது தளராது. ஒரு குவார்க்கைப் பிய்த்து வெளியே இழுத்தால் இழுக்க இழுக்க அதே பலத்தோடு பிடித்துக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் அந்தப் பிடி அறும். அறுகிற இடத்தில், நாம் போட்ட சக்தியிலிருந்தே புதிய குவார்க்குகள் பிறந்து பழையவற்றோடு ஒட்டிக்கொள்ளும். தனியாக ஒரு குவார்க்கை இன்றுவரை ஒருவரும் பார்த்ததில்லை.

சில வருடங்களுக்கு முன் கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் இதைப் பற்றிப் பேசினேன். முடிவில் நன்றி சொல்ல வந்த பேராசிரியர், "தூரமாகப் போனாலும் தளராத இந்த விசைதான் நம் டாக்டர் ஜாபரைத் தாய்மண்ணோடு கட்டி வைத்திருக்கிறது" என்றார். அரங்கமே கை தட்டியது. எனக்குச் சால்வை போர்த்தினார்கள். முன் வரிசையில் அத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று அது எனக்கு இனித்தது, இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. எந்தக் குவார்க்கும் விசாவுக்கு விண்ணப்பம் போட்டு வெளியேறவில்லை. நான் போட்டேன், கிடைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுப் போட்டேன்.

3

எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. முதல் அறிகுறியை நம்பக் கூடாது. நாணயத்தைப் பத்து முறை சுண்டி எட்டு முறை தலை விழுந்தால் நாணயம் கோணல் என்று சொல்லிவிட முடியாது, தற்செயலாகவும் விழும். தற்செயல் இல்லை என்று எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் என்பதை சிக்மா என்ற அளவில் குறிப்போம். இரண்டு சிக்மா என்றால் தோளைக் குலுக்கிவிட்டுப் போவார்கள். மூன்று என்றால் காப்பி நேரத்தில் பேசுவார்கள். ஐந்து வந்தால்தான் வாயைத் திறந்து கண்டுபிடித்தோம் என்று சொல்லலாம். அதுவரை செய்ய வேண்டியது ஒன்றுதான், இன்னும் தரவு சேர்ப்பது.

இந்தக் கட்டுப்பாட்டை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது என் வரைபடத்தில் இருக்கக் கூடாத இடத்தில் ஒரு மேடு எழும்பியது. மூன்றுக்குக் கொஞ்சம் மேலே. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அத்தாவிடம் சொல்லிவிட்டேன். அத்தாவுக்கு உக்கடத்தில் பேரிங் கடை. பம்பு மோட்டார்காரர்களும் மில்காரர்களும் வந்து போகிற கடை. அன்று சாயந்திரம் தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்திருக்கிறார். "பையன் புதுசா ஏதோ கண்டுபுடிச்சிருக்கானுங்க, உலகத்துலயே இவந்தான் மொதல்ல பாத்தானாமாங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறார். அடுத்த வருடத் தரவு வந்தபோது மேடு சமதளமாகிப்போனது. பல வருடம் கழித்தும் கடைக்கு வருகிறவர்கள் அத்தாவிடம் கேட்பார்கள், அத்தா என்னிடம் கேட்பார். "அது என்னாச்சு கண்ணு?" அந்தக் கேள்விக்குப் பயந்தே நான் எச்சரிக்கையான ஆளாக மாறினேன். குழுவில் எனக்குப் பெயரே 'இன்னும் தரவு' என்பதுதான்.

4

போன வருடம், ஈயம் ஓட்டத் தொடங்குவதற்கு ஐந்தாறு வாரம் முன்பு, ரஹமத்து ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். அத்தாவுக்கு அசதியாக இருக்கிறது, பிளேட்லெட் குறைந்திருக்கிறது என்று குரல் செய்தி போட்டிருந்தாள். ரஹமத்து பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், பதறுகிற ஆள் இல்லை. வேறு லேபில் எடுத்துப் பார் என்றேன். வேறு லேபில் கொஞ்சம் கூடுதலாக வந்தது. பார்த்தாயா என்றேன்.

அதற்குப் பிறகு வாரம் இரண்டு சீட்டு வந்தது. நான் செய்ததை மறைக்காமல் சொல்கிறேன். ஆய்வுக்கூடத்தில் துகள் சிதறல்களை வரைகிற அதே மென்பொருளில் அத்தாவின் ரத்த எண்ணிக்கைகளைப் புள்ளி வைத்தேன். ஒவ்வொரு புள்ளிக்கும் லேபின் பிழை அளவை ஊகித்துக் கோடு போட்டேன். ஒரு நேர்கோட்டைப் பொருத்திப் பார்த்தேன், பொருந்தியது. இறங்குகோட்டைப் பொருத்தினேன், அதுவும் பொருந்தியது. இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு சிக்மாகூட இல்லை. படத்தை ரஹமத்துக்கு அனுப்பி, 'முடிவு சொல்லும் அளவுக்குத் தரவு இல்லை, கவலைப்படாதே' என்று எழுதினேன்.

அவள் அதை டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். அதைப் பிறகுதான் சொன்னாள்.

"உங்கண்ணன் என்ன பண்றாருங்க?" என்று கேட்டாராம் டாக்டர்.

"சயின்டிஸ்ட்டுங்க."

"படம் நல்லாத்தான் போட்டிருக்காரு. எலும்பு மஜ்ஜையில ஊசி போட்டு எடுத்துப் பாத்தரலாங்க. தள்ளிப்போட வேண்டாம்."

மஜ்ஜைப் பரிசோதனை வலிக்கும். அத்தாவுக்கு அந்த வயதில் அது வேண்டுமா என்று எனக்குத் தோன்றியது. இன்னும் ஒரு வாரம், இன்னும் இரண்டு சீட்டு, அதற்குப் பிறகு முடிவு செய்யலாம் என்றேன். ரஹமத்துக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் அத்தாவே சொல்லிவிட்டார். "ஜாபரு சொல்றான்ல, இருக்கட்டும் உடு." படித்த பையன் சொன்னால் சரியாக இருக்கும் என்று எங்கள் வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். அந்த ஒரு வாரம் இரண்டு வாரமானது. பிறகு மஜ்ஜையை எடுத்துப் பார்த்தபோது ரத்தப் புற்றுநோய் என்று வந்தது, வேகமான வகை. முன்பே பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அப்போதாவது கிளம்பியிருக்க வேண்டும். என் குடியிருப்பு அட்டை காலாவதியாகிப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். அது கையில் இல்லாமல் இந்தியாவுக்குப் போனால் திரும்பி வர முடியாது. நான்கு முறை அந்த அலுவலகத்துக்குப் போனேன். ஒரு முறை வாடகைச் சீட்டில் கையெழுத்து மங்கலாக இருக்கிறது என்றார்கள், ஒரு முறை புகைப்படத்தில் மூக்குக்கண்ணாடி பளபளக்கிறது என்றார்கள். இதையெல்லாம் ரஹமத்திடம் சொன்னேன். அவளும் "அட்டை வரட்டுங்கண்ணா, பத்தரமா வாங்க" என்றாள். இதுவரை உண்மை.

அட்டை ஒரு திங்கட்கிழமை தபாலில் வந்தது. ஈய ஓட்டத்தின் கடைசி வாரம் அது, கட்டுப்பாட்டு அறையில் எங்கள் பணிமுறைக்கு நான்தான் பொறுப்பு. அதற்கு முந்தின நாள் அத்தாவின் எண்ணிக்கை கொஞ்சம் ஏறியிருந்தது. அது ரத்தம் ஏற்றியதால் வந்த ஏற்றம், நம்ப வேண்டாம் என்று டாக்டர் சொன்னதையும் ரஹமத்து கீழே எழுதியிருந்தாள். நான் எண்ணை மட்டும் பார்த்தேன். வெள்ளிக்கிழமை ஓட்டம் முடிந்துவிடும், சனிக்கிழமை கிளம்பலாம் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். அன்று ரஹமத்து கேட்டபோது, அட்டை இன்னும் வரவில்லை என்றேன்.

5

வெள்ளிக்கிழமை விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்கு முன்னால் அத்தா போய்விட்டார். எங்களில் மய்யத்தை, அதாவது இறந்தவர் உடலை, வைத்துக்கொண்டு காத்திருக்கும் வழக்கம் இல்லை. ஜும்மா முடிந்ததும் அடக்கம் செய்துவிட்டார்கள். அந்த நேரத்தில் நான் விமானத்தில்கூட ஏறியிருக்கவில்லை. விடுப்புப் படிவத்தில் கையெழுத்து வாங்கச் செயலாளர் அறையில் நின்றுகொண்டிருந்தேன். இருபது வருடமாகப் பேசுகிற பிரெஞ்சு மொழி அன்று நாக்கில் கோணலாக வந்தது. அப்பா முடிக்கப்பட்டுவிட்டார் என்பது போல ஏதோ சொல்லியிருக்கிறேன். அந்த அம்மாள் பழக்கத்தில் என் வாக்கியத்தைத் திருத்தினார். பிறகு என்ன சொன்னேன் என்று புரிந்து எழுந்து நின்றுவிட்டார். பெற்றோர் இறப்புக்கு எத்தனை நாள் விடுப்பு என்று படிவத்தில் அச்சிட்டே இருந்தது.

சனிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தேன். கபர்ஸ்தானில் ஈர மண் இருந்தது. மச்சான், அதாவது ரஹமத்தின் கணவர், எந்த இடம் என்று காட்டினார். மூன்று பிடி மண் போடுவதுகூட எனக்கு மிச்சமில்லை. அத்தாவின் முகத்தை யாரோ கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தார்கள், பார்க்கிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இன்றுவரை பார்க்கவில்லை.

6

இனி, இந்த வருடத்துக்கு வருகிறேன். பிளாஸ்திரியைப் பார்த்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. இந்த வருட ஈய ஓட்டம் தொடங்கியிருந்தது. திரையில் வருகிற சிதறல்களைப் பார்த்துக்கொண்டே அம்மாவைப் பற்றி யோசித்தேன். புறங்கையில் ஊசிக்குழாய் போட்டிருந்தால் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். கழுத்தை மூடியிருந்தால் கழுத்தில் ஏதோ இருக்கிறது. மோதல் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது, எனக்கு வந்திருப்பது சிதறல்தான்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தேன். மனைவி வேலையிலிருந்து திரும்பவில்லை. மகள் நிலோபர் சமையலறை மேசையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினைந்து வயது. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள், அதுவும் கேட்டதற்கு மட்டும். அவள் கையை விட்டுப் போய்விட்டாள் என்று நானும் மனைவியும் பல முறை வருத்தப்பட்டிருக்கிறோம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை அவள் நிறுத்தியபோது நான் கத்தியதில் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அன்று அவளிடம், தாதிமாவுக்கு உடம்பு சரியில்லையா, உனக்கு ஏதாவது தெரியுமா என்று சும்மாதான் கேட்டேன். தெரியாது என்ற பதிலைத்தான் எதிர்பார்த்தேன். பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஆபரேஷன் ஆச்சுங்க அத்தா," என்றாள். "ரஹமத்து மாமி உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாங்க."

தமிழில் சொன்னாள், ங்க போட்டுச் சொன்னாள். எனக்கு முதலில் செய்தி ஏறவில்லை, அந்தக் குரல்தான் ஏறியது. கோட்டைமேட்டு வீட்டு வாசலில் நின்று பேசுகிற பெண்ணின் பேச்சு அது. என் மகளும் என் தங்கையும் வாரம் தவறாமல் குரல் செய்தி அனுப்பிக்கொள்கிறார்களாம், ஒரு வருடத்துக்கு மேலாக. அவள் தமிழை விடவில்லை. என்னிடம் பேசுவதை விட்டிருக்கிறாள்.

"எத்தனை நாளா உனக்குத் தெரியும்?"

"ஒம்போது நாளுங்க."

ஒன்பது நாளும் என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறாள். எனக்குக் கோபம் வரவில்லை. அவமானமாக இருந்தது.

7

மறுநாள் ஞாயிறு. ரஹமத்துக்குப் பள்ளிக்கூடம் இல்லை, அழைத்தேன். நிலோ சொல்லிவிட்டாள் என்றதும் அவள் மறைக்கப் பார்க்கவில்லை.

"கழுத்துல ஒரு கட்டி தட்டுப்பட்டுச்சுங்கண்ணா. செவ்வாக்கெழமை டாக்டர் பாத்தாரு, வெசாழக்கெழமை எடுத்துப்போட்டாங்க. சதைய டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்குதுங்க. இன்னும் முடிவு வல்ல."

"ரெண்டே நாள்லயா? வேற டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டியிருக்கலாமே, இன்னொரு ஸ்கேன்..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தினேன். என் வாயை எனக்கே அடைக்க வேண்டும் போலிருந்தது. ரஹமத்து சத்தம் போடவில்லை. அவள் எப்போதுமே சத்தம் போட மாட்டாள்.

"இதுக்குத்தானுங்கண்ணா சொல்லல," என்றாள்.

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. போன வருடம் செய்தது தப்பு என்றேன். படம் போட்டது, தள்ளிப்போடச் சொன்னது எல்லாமே தப்பு என்றேன். மன்னித்துக்கொள் என்று தங்கையிடம் கேட்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது.

"அதையெல்லாம் நான் பெருசா எடுத்துக்கலீங்க. நீங்க நல்லதுன்னு நெனச்சுத்தான் சொன்னீங்க. நாங்களும் கேட்டோம், எங்க மேலயும் தப்பு இருக்குதுங்க. கார்டு விசயந்தானுங்க என்னால முடியல."

எந்தக் கார்டு என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

"உங்களுக்கு அது வந்துருச்சுன்னு அத்தாவுக்குத் தெரியுமுங்கண்ணா. செவ்வாக்கெழமை நிலோ போன் பண்ணுனா. 'எங்க அத்தாவுக்குக் கார்டு வந்துருச்சு தாதா, உங்களப் பாக்க வருவாங்க'ன்னு அவருகிட்டச் சொன்னா. கொழந்தைக்கு என்ன தெரியும், சந்தோசமாச் சொன்னா. நான் பக்கத்துல நின்னுட்டிருந்தேன். அத்தா 'அப்படியா கண்ணு, நல்லது'ன்னு போனை என்கிட்டக் குடுத்தாரு."

"அப்பறம்?"

"அன்னிக்குச் சாயந்தரம் நீங்க பேசுனீங்க. இன்னும் வல்லைன்னு அவருகிட்டயே சொன்னீங்க."

சொன்னேன். திங்கட்கிழமை ரஹமத்திடம் சொன்னது மட்டும்தான் இத்தனை நாளும் எனக்கு நினைவிருந்தது. செவ்வாய்க்கிழமை அத்தாவிடமும் சொன்னதை மறந்திருந்தேன். மறக்க வேண்டும் என்று மறந்திருப்பேன்.

"அத்தா என்ன சொன்னாரு ரஹமத்து?"

"சரி கண்ணு, வந்ததும் வான்னு உங்ககிட்டச் சொன்னாரு, ஞாபகமில்லீங்களா? போனை வெச்சுட்டு, இதை அவங்கிட்டக் கேக்காதே, அவனுக்குச் சங்கட்டமாப் போயிரும்னாரு. செவுத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. அதுக்கப்பறம் ரெண்டு நாள் இருந்தாருங்க. ஒருக்காக்கூட நீங்க எப்ப வர்றீங்கன்னு கேக்கல."

ரஹமத்து அழுதுகொண்டிருந்தாளா என்று தெரியவில்லை. நான் அழுதேன். நிலோபர் சமையலறை வாசலில் வந்து நின்றாள், பிறகு உள்ளே போய்விட்டாள். தன் வாயால் சொன்னது தன் தாதாவை என்ன செய்தது என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது. தெரிய விடக் கூடாது என்று மட்டும் முடிவு செய்துகொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் என் பணிமுறையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு டிக்கெட் எடுத்தேன். ஓட்டம் முடிய இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அம்மாவின் சதைப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை, ஒன்றும் இல்லை என்றுகூட வரலாம். அதற்குக் காத்திருக்கவில்லை. ரஹமத்தை அழைத்து, புதன்கிழமை காலை விமானத்தில் கோயமுத்தூர் வந்து இறங்குகிறேன் என்றேன்.

எங்கள் ஊரில் தண்ணீர் வரி வசூலிக்க வருகிறவர் வாசலில் நின்றாலும் வாங்க என்றுதான் பேச்சு தொடங்கும். கடன் கேட்டு வந்தவரையும், சண்டைக்கு வந்தவரையும் முதலில் வாங்க என்று சொல்லாமல் எங்கள் வீட்டில் யாரும் விட்டதில்லை.

ரஹமத்து நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டாள். "சரிங்க," என்றாள். அதற்குப் பிறகும் நான் போனைக் காதில் வைத்துக் காத்திருந்தேன். அவள் வைத்துவிட்டிருந்தாள்.